மஜ்முவா: ஒரு சொட்டு அத்தரும் மூணு தமிழ் வார்த்தையும்

பாரீஸ்ல உட்கார்ந்து வாசனைத் திரவியம் கலக்குற ஆசாமி ஒருத்தர் தினமும் ரெண்டு மூணு தமிழ் வார்த்தை பேசுறார். அது தமிழ்னு அவருக்குத் தெரியுமோ தெரியாதோ. 'வெத்திவேர்' என்பார். அது நம்ம வெட்டிவேரேதான். 'பச்சூலி' என்பார். பச்சை, இலை ரெண்டும் சேர்ந்த தமிழ்ச் சொல்லில் இருந்து வந்தது என்று அகராதிக்காரர்கள் எழுதியிருக்கிறார்கள். கொஞ்சம் பழைய ஆளா இருந்தா 'கழுகு மரம்' என்று பொருள்படும் ஒரு பிரெஞ்சுப் பெயரையும் சொல்லுவார். கழுகுக்கும் அந்த மரத்துக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. நம்ம 'அகில்' போர்த்துகீசியர் காதில் விழுந்தபோது அவங்க ஊர்க் கழுகின் பெயர் மாதிரி கேட்டிருக்கு. அவ்வளவுதான், மரத்துக்கு இறக்கை முளைச்சிடுச்சு. 1783ல் லாமார்க் அந்த மரத்துக்குத் தாவரப் பெயர் வைத்தபோதும் அதே கழுகை வைத்து 'அக்விலேரியா' என்றே எழுதிவிட்டார். (அகில் மேல மலையாளத்துக்கும் பாதி உரிமை உண்டு. வேரைத் தோண்டினா சம்ஸ்கிருதத்து அகுருவும் வரும். சண்டை வேண்டாம்.)

நான் பல நாளா யோசிச்சிட்டு இருக்குற விஷயம் இதுதான். இந்த மூணுல ஒண்ணு கூட பூ இல்லை. ஒண்ணு வேர், ஒண்ணு இலை, ஒண்ணு கட்டை. மல்லி, முல்லை, தாழை, செண்பகம்னு இத்தனை பூவை வெச்சிருக்கோம். அதுல ஒரு பேரும் அந்தப் பக்கம் போய் ஒட்டலை. ஒட்டினது எல்லாம் கடைசி வரைக்கும் தோலில் தங்குற சரக்கின் பெயர்கள்.

தங்குறதுன்னா என்ன? அதுக்கு ஒரு சொட்டு அத்தர் போதும்.

எங்க ஊர்ல முல்லா வீதி, காஜியார் தெரு பக்கம் போனா அத்தர் கடைகளைப் பார்க்கலாம். பெரும்பாலும் கண்ணாடிக் குப்பிகள், குச்சி மூடிகள், ஒரு வயசான பாய். அங்கே 'மஜ்முவா' என்று கேளுங்க. அரபியில் மஜ்மூவான்னா தொகுப்பு. பேருக்கு ஏத்த மாதிரி அது ஒத்தைப் பூ அத்தர் இல்லை, நாலு அத்தரின் கலவை. தாழம்பூ (வடக்கே கேவ்டா), கடம்பம்பூ, சுட்ட மண், வெட்டிவேர் (வடக்கே கஸ்). கன்னோஜ் பக்கத்துச் சரக்கு, உருதுப் பேரு, எல்லாம் சரி. ஆனா அந்த நாலையும் தமிழ்ல சொல்லிப் பாருங்க. தாழை, கடம்பு, மண், வெட்டிவேர். நம்ம ஊர் அய்யனார் கோயில் வாசல்ல மழை பெய்ஞ்ச மாதிரி இல்லே? :-)

இதை மணிக்கட்டில் தொட்டு வைங்க. ஏன் மணிக்கட்டுன்னா, இன்னிக்கு நேத்து வந்த பழக்கம் இல்லை. அரிஸ்டாட்டிலின் சீடர் தியோபிராஸ்டஸ், வாசனைகளைப் பற்றி எழுதிய நூலில், மணிக்கட்டில் தடவினால் மணம் இன்னும் இனிமையாய் இருப்பது ஏன் என்று கேள்வியே எழுப்பியிருக்கிறார். இரண்டாயிரத்து முந்நூறு வருஷமா ஒரே இடத்துலதான் மோந்து பார்க்குறோம்.

முதல்ல தூக்கலா வர்றது தாழம்பூ. தேனும் பச்சையும் கலந்த, மூக்கைக் குத்துற மணம். தாழம்பூ எண்ணெயில் பெரும்பகுதி ஒரே ஒரு சேர்மம்தான், ஃபினைல் எதில் மெதில் ஈதர். அதன் மூலக்கூறு எடை 136. சின்ன உடம்பு, கட்டிப்போட ஆள் இல்லை, உடம்புச் சூடு பட்டதும் கிளம்பிடும். கால் மணி, அரை மணி கழிச்சு மோந்தா அந்தக் குத்தல் குறைஞ்சு, கடம்பும் மண்ணும் மேலே வரும். மண் அத்தர்னா வேடிக்கை இல்லை. களிமண் ஓடுகளைச் சுட்டு, அதைப் பானையில் போட்டு ஆவி பிடித்து எடுப்பாங்க. 1964ல் பேர், தாமஸ் என்ற இரண்டு ஆஸ்திரேலிய விஞ்ஞானிகள் மழை வாசனைக்கு 'பெட்ரிகோர்' என்று பெயர் வைத்தார்களே, அந்தக் கட்டுரையிலேயே இந்த இந்திய மண் அத்தர் பற்றிப் பேசியிருக்கிறார்கள். நமக்குத் தெரிஞ்ச வாசனைக்கு அவங்க பேர் வெச்சாங்க.

ரெண்டு மூணு மணி நேரம் போனா பூ எல்லாம் ஓய்ஞ்சு, ஈரமான, கொஞ்சம் கசப்பான, பானைத் தண்ணி வாசனை நிக்கும். அது வெட்டிவேர். நல்ல சரக்கா இருந்தா அதுக்கு அடியில் பால் மாதிரி மெத்துனு இன்னொண்ணு, சந்தனம். வெட்டிவேர் எண்ணெயில் நூற்றுக்கும் மேல சேர்மங்கள். அதில் முக்கியமான குசிமாலுக்கு மூலக்கூறு எடை 220. சந்தனத்தின் சாண்டலாலுக்கும் அதே 220. பருத்த உடம்பு, எழுந்திருக்கவே சோம்பல். ராத்திரி தூங்கி எழுந்தாலும் அங்கேயேதான் இருக்கும்.

ஆக தோல் மேல அத்தர் 'மாறுது' என்று நாம சொல்றது, பாதிக்கு மேல மாற்றமே இல்லை; ஆட்கள் ஒவ்வொருத்தரா வீட்டுக்குக் கிளம்புறாங்க, அவ்வளவுதான். மிச்சம் பாதியில் தோலுக்கு வேலை உண்டு. எண்ணெய்ப் பசை உள்ள தோலில் மணம் கரைஞ்சு நிதானமா வெளியே வரும். வறண்ட தோலில் சீக்கிரம் போகும். அதனாலதான் ஒரே குப்பி எனக்கு ஒரு மாதிரியும் என் தம்பிக்கு வேற மாதிரியும் இருக்கு. இன்னொரு கூட்டாளி நம்ம மூக்கு. ஒரே வாசனையைத் தொடர்ந்து கேட்டா அது காதை, மன்னிக்கணும், மூக்கை மூடிக்கும். ரோமாபுரி பிளினி முதல் நூற்றாண்டிலேயே இதைச் சொல்லி அலுத்துக்கிட்டார். இவ்வளவு காசு கொடுத்து வாங்கிப் பூசுறாங்க, பூசினவனுக்கே அது தெரியறதில்லை, நேரம் ஆனா செத்தும் போகுதுன்னு.

பிளினிக்கு அந்தக் காசு மேல கோபம் வர நியாயம் இருந்தது. இந்தியாவும் சீனாவும் அரேபியாவும் சேர்ந்து வருஷத்துக்குப் பத்துக் கோடி செஸ்டெர்ஸ் ரோமாபுரியில் இருந்து உறிஞ்சுதுன்னு கணக்கு எழுதினவர் அவர். மேற்குக் கரையில் முசிறியில் இருந்து போன ஒரு கப்பலின் சரக்குக் கணக்கு பப்பைரஸ் தாளில் கிடைச்சிருக்கு. ஹெர்மபொல்லான் என்று கப்பல் பெயர். அதில் கங்கைச் சடாமாஞ்சில் மட்டும் 60 பெட்டி. அதுவும் வேர்ச் சரக்குதான், கவனிங்க. நம்ம அரிக்கமேட்டுக்கு வந்தா, 1945ல் மார்ட்டிமர் வீலர் தோண்டினார், அப்புறம் கசால், 1989ல் இருந்து விமலா பெக்லி. மதுச்சாடி ஓடு வந்தது, மணி வந்தது. வாசனை மட்டும் மண்ணுக்கடியில் மிச்சம் வைக்காது, அதனால அங்கிருந்து என்ன மணம் கப்பலேறிச்சுன்னு ஓட்டை வெச்சு சொல்ல முடியாது.

ஓடு சொல்லாததை இலக்கியம் கொஞ்சம் சொல்லுது. சிலப்பதிகாரத்துக் கடலாடு காதையில் மாதவி குளிக்கிறாளே, அந்தத் தண்ணியில் பத்து வகைத் துவர், ஐந்து வகை விரை, முப்பத்திரண்டு வகை ஓமாலிகை ஊறியிருக்கும். குளிச்ச கூந்தலை அகில் புகையில் காய வைப்பாள். அதுக்கு அப்புறம்தான் அலங்காரம் எல்லாம். பட்டை, வேர், இலை, கட்டைன்னு அடித்தளம் போட்டுட்டு மேல பூ வைக்கிற முறை. இளங்கோவடிகளுக்கு மூலக்கூறு எடை தெரியாது. கூந்தலில் எது நிக்கும், எது நிக்காதுன்னு தெரிஞ்ச பெண்கள் அந்த ஊர்ல இருந்தாங்க.

இதையே இன்னிக்கும் கல்யாண மண்டப வாசல்ல பண்றோம். பன்னீர்ச் செம்பை ஆட்டித் தெளிப்பாங்க, சந்தனத்தைக் கையில தடவுவாங்க. பன்னீர் நாற்காலி தேடி உட்காருறதுக்குள்ள போயிடும், சந்தனம் சாப்பிட்டுக் கை கழுவின பிறகும் லேசா நிக்கும். ஆனந்தரங்கப் பிள்ளை நாட்குறிப்பிலும் வந்தவர்களுக்குப் பன்னீரும் வெற்றிலை பாக்கும் கொடுத்த சேதி வருது. துய்ப்ளேக்ஸ் துரை காலத்துப் புதுச்சேரியின் மரியாதை அது.

அதே நூற்றாண்டில் ஐரோப்பாவில் வேற ஒரு பழக்கம் பரவிக்கிட்டு இருந்தது. 1709ல் ஜெர்மனியின் கொலோன் நகரத்தில் ஃபரீனா என்ற இத்தாலியர் தொடங்கிய சாராயக் கலவை. ஆரஞ்சு, எலுமிச்சைத் தோல் எண்ணெய்களைச் சாராயத்தில் கரைச்சது. நம்ம வீடுகள்ல அது யூடிகொலோனா வந்து சேர்ந்து, காய்ச்சலுக்கு நெத்தியில் போடுற ஈரத்துணி ஆயிடுச்சு. அதுக்கு அது சரியான வேலை. சாராயம் 78 டிகிரியிலேயே கொதிக்கிற சாமான், பறக்கும்போது சூட்டை எடுத்துக்கிட்டுப் போகும், மணத்தையும் ஒரே மூச்சில் தூக்கி எறியும். அறை முழுக்க தெரியும், கொஞ்ச நேரத்தில் காலி. அத்தர் நேர்மாறு. எண்ணெய் என்பதால் அறைக்குத் தெரியாது, பக்கத்தில் வந்து உட்கார்றவங்களுக்குத்தான் தெரியும். ரெண்டும் வேற வேற நாகரிகம்னு எனக்குத் தோணுது. எனக்கு ரெண்டாவதுதான் பிடிக்கும், பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் சென்ட் அடிச்சிட்டு வந்தா தலைவலி வர்ற கட்சி நான்.

ஆனா சாராய வாசனைக்காரங்களுக்கும் ஒரு பிரச்னை இருந்தது. பறக்காம பிடிச்சு வைக்க ஏதாவது வேணும். கஸ்தூரி, புனுகு மாதிரி மிருகச் சரக்கு இருந்தது, விலை அதிகம். அங்கேதான் நம்ம மூணு வார்த்தை உள்ளே நுழையுது. பச்சிலை போன கதை சுவாரசியமானது. காஷ்மீர் சால்வைகளைப் பூச்சி அரிக்காம இருக்க உலர்ந்த பச்சூலி இலைகளோட மடிச்சு அனுப்புவாங்க. பத்தொன்பதாம் நூற்றாண்டு ஐரோப்பாவில் அந்த வாசனை இருந்தாத்தான் அசல் சால்வைன்னு ஆயிடுச்சு. பிரெஞ்சு நெசவாளர்கள் சால்வையைக் காப்பி அடிச்சும் விக்கலை, அப்புறம் இலையையும் கண்டுபிடிச்சு வாசனையும் ஏத்தினாங்க. டூப்ளிகேட் தொழில்ல நாம மட்டும் கில்லாடின்னு யார் சொன்னது?

வெட்டிவேர் போன பாதை எங்க ஊருக்கு இன்னும் கிட்ட. 1801-02ல் போரி என்ற பிரெஞ்சு இயற்கை ஆய்வாளர் இந்தியப் பெருங்கடலின் பிரெஞ்சுத் தீவுகளைச் சுத்திப் பார்த்தார். இன்று ரெயூனியன் எனப்படும் பூர்போன் தீவு அதில் முக்கியமானது. இந்தப் புல்லின் பேரினத்துக்கு அவர் வைத்த பெயர் 'வெட்டிவேரியா'. 1822ல் அச்சில் வந்தது. லத்தீன் வால் ஒட்டின சுத்தத் தமிழ். வெட்டி எடுக்கிற வேர் என்ற அர்த்தத்தோடயே தாவரவியல் புத்தகத்தில் ஏறி உட்கார்ந்தது. 1999ல் வெல்ட்காம்ப் என்பவர் இதை 'கிரைசோபோகன்' பேரினத்தோடு சேர்த்துவிட்டார், இப்போ நம்ம பேரு பழைய பேர் ஆயிடுச்சு (வருத்தம்தான்). பிரெஞ்சுக்காரர்கள் தமிழ் கேட்டுப் பழகிய ஊர்கள் புதுச்சேரியும் காரைக்காலும். இந்த வார்த்தை எங்க கடைத்தெருவில் பேரம் பேசும்போதுதான் அவங்க வாயில் ஏறியிருக்கும்னு நம்ப எனக்கு ஆசை.

ரெயூனியனில் 1848ல் அடிமை முறை ஒழிஞ்சது. கரும்புத் தோட்டத்துக்கு ஆள் வேணும். புதுச்சேரி, காரைக்கால் துறைமுகங்களில் இருந்து தமிழ்க் கூலிகளை ஒப்பந்தம் போட்டு ஏத்தினாங்க. 1860ல் பிரிட்டனும் பிரான்சும் செய்துகொண்ட ஒப்பந்தத்துக்குப் பிறகு பிரிட்டிஷ் பகுதி ஆட்களும் சேர்ந்தாங்க. அங்கே நடந்த கொடுமை, சாவு எல்லாம் பார்த்து 1882ல் பிரிட்டிஷார் அதை நிறுத்தினார்கள். போனவங்க பேரப் பிள்ளைகள் இன்னிக்கும் அந்தத் தீவில் தீமிதி நடத்துறாங்க, தமிழ் பேசத் தெரியாது. இருபதாம் நூற்றாண்டில் வாசனை உலகத்தில் உசத்தியா பேசப்பட்டது அந்தத் தீவின் 'பூர்போன் வெட்டிவேர்' எண்ணெய். மொழி போயும் அந்த ஒரு தமிழ்ச்சொல் தீவுல ஊரறிய விலை போச்சு. கார்வென் கம்பெனி 1957ல் வெட்டிவேர் என்ற பெயரிலேயே ஆண்களுக்கான சென்ட் வெளியிட்டது, 1959ல் கெர்லானும் அதே பெயரில். இப்போ உலகச் சந்தைக்கு அதிகமா அனுப்புறது ஹைட்டி.

தங்குற கணக்கை எண்ணா எழுதிப் பார்த்தவர் ஒரு வெள்ளைக்காரர். டபிள்யூ. ஏ. பவுச்சர், நம்ம வீட்டு பவுடர் டப்பா யார்ட்லி கம்பெனியின் தலைமை வாசனைக் கலைஞர். (மலையேறிப் போட்டோ எடுத்துப் புத்தகம் போடுறதிலும் பேர் வாங்கினவர்.) ஒவ்வொரு சரக்கும் ஆவியாகப் போக எவ்வளவு நேரம் ஆகுதுன்னு மோந்து மோந்து பார்த்து 1955ல் 1 முதல் 100 வரை மதிப்பெண் போட்டு வெளியிட்டார். சீக்கிரம் ஓடுறது கீழே, நிக்கிறது மேலே. சந்தனம், வெட்டிவேர், பச்சூலி மூணும் சென்டம்! மல்லியும் ரோஜாவும் நடுவில். நான் தொடக்கத்தில் சொன்ன சந்தேகத்துக்கு இதைவிட நல்ல விடை எனக்குக் கிடைக்கலை. பூ அவங்க ஊரிலும் வளரும், கிராஸ் நகரத்துத் தோட்டங்களில் ஏக்கர் கணக்கில் மல்லியும் ரோஜாவும் போட்டாங்க. நிக்கிற சரக்கு அங்க வளரலை. கப்பல்ல போச்சு, போகும்போது பேரையும் கூட்டிக்கிட்டுப் போச்சு.

இப்போ கொஞ்சம் கசப்பான விஷயம்.

அத்தர் என்றாலே சந்தனம்தான் அஸ்திவாரம். கன்னோஜில் 'தேக்' என்ற செப்புப் பானையில் பூவும் தண்ணியும் போட்டு, மூடியைக் களிமண்ணால பூசி, மூங்கில் குழாய் வழியா ஆவியை 'பாப்கா' என்ற இன்னொரு செப்புக் குடத்துக்கு அனுப்புவாங்க. அந்தக் குடம் தண்ணித் தொட்டியில் உட்கார்ந்திருக்கும், அதுக்குள்ள ஏற்கனவே சந்தன எண்ணெய் இருக்கும். பூவின் ஆவி அந்தச் சந்தனத்துக்குள்ள போய் இறங்கும். அடியில் சேர்ந்த தண்ணியை வடிச்சிட்டு, மறுநாள் புதுப் பூ, அதே சந்தனம். இப்படி நாள் கணக்கா. அதாவது பூவும் கட்டையும் பிறகு கலக்கப்படுறது இல்லை, பூ பொறக்கும்போதே கட்டையின் மடியில்தான் பொறக்குது. ஓடிப்போற தன்மையை அது பிறவியிலேயே கொஞ்சம் அடக்கி வைக்குது.

அந்தச் சந்தனம் போயிடுச்சு. 1792ல் திப்பு அதை அரச மரம் ஆக்கினார், அதாவது அரசாங்கத்து மரம், ஆலமரத்துப் பங்காளி இல்லை. நம்ம பக்கமும் அதே மாதிரி சட்டம். சொந்தக் கொல்லையில் முளைச்சாலும் மரம் சர்க்காருக்கு. தன் மரம் இல்லைன்னா எவன் தண்ணி ஊத்துவான்? தமிழ்நாட்டில் நில உரிமையாளருக்கே மரத்தில் உரிமை தர்ற மாதிரி 2002ல் சட்டம் திருத்தினாங்க, அதுக்குள்ள ஜவ்வாது மலையிலும் சத்தியமங்கலத்திலும் காடு மெலிஞ்சு போச்சு. முதல் உலகப் போரில் கட்டையை ஜெர்மனிக்கு அனுப்ப முடியலைன்னு 1916ல் மைசூர் அரசு பெங்களூரில் எண்ணெய் ஆலை தொடங்கிய அளவுக்குக் கட்டை குவிஞ்சு கிடந்த தேசம் இது. 1998ல் உலக இயற்கைப் பாதுகாப்புச் சங்கம் சந்தன மரத்தை அழியும் ஆபத்துள்ள பட்டியலில் போட்டது. வீரப்பன் 2004ல் செத்தார், மரம் திரும்பி வரலை. இப்போ நம்ம சாதிச் சந்தனத்தையே மேற்கு ஆஸ்திரேலியாவில் தோட்டம் போட்டு வளர்த்து விக்கிறாங்க.

விலை ஏறினதும் கன்னோஜில் குடத்துக்குள்ள வேற எண்ணெய் வந்தது. லிக்விட் பாரஃபின், டி.ஓ.பி. மணமே இல்லாத சாமான்கள். பூவை வாங்கி வெச்சுக்கும், கொஞ்சம் பிடிச்சும் வைக்கும். பூ போன பிறகு சொல்றதுக்கு அதுகிட்ட ஒண்ணும் இல்லை.

இதைத் தெரிஞ்சுக்க நான் கடையில் ரெண்டு மஜ்முவா தொட்டு வெச்சுக்கிட்டேன். இடது மணிக்கட்டில் விலை குறைஞ்சது, வலதில் சந்தனத்தில் எடுத்ததுன்னு பாய் பூட்டி வெச்சிருந்தது. கடையில் நிக்கும்போது இடதுதான் ஜோர். தாழம்பூ அப்படியே சிரிக்குது. வலது கொஞ்சம் மந்தமா, யோசிக்கிற மாதிரி இருந்தது. "பாய், சின்னதுதானே நல்லா இருக்கு?"ன்னேன்.

"தம்பி, இப்ப வாங்காதீங்க. நாளைக்குக் காலைல வந்து சொல்லுங்க, அப்ப எதைக் கேக்குறீங்களோ அதைத் தர்றேன்" என்றார். வியாபாரி பேசுற பேச்சா இது!

சாயங்காலம் ஆறு மணிக்குள்ள இடது கை வெறும் எண்ணெய்ப் பிசுக்கு. வலதில் மண் போய் வேர் வந்திருந்தது. மறுநாள் காலையில் காபி கொடுத்த அம்மா, "எந்தக் கோயிலுக்குடா போயிட்டு வந்தே?" என்று கேட்டாங்க. வலது கையில்தான் டம்ளரை வாங்கினேன்.

கடலூர் போற வழியில் கடலோர மணலில் இன்னிக்கும் வெட்டிவேர் போடுறாங்க. ஒரு வருஷத்துக்கு மேல காத்திருந்து, மணலைத் தோண்டி உருவணும். பெரும்பாலும் தட்டி, விசிறி, சாமிக்கு மாலைன்னு போகுது. பானைத் தண்ணியில் போட ஒரு கைப்பிடி நாங்களும் வாங்குவோம். உங்க ஊர்ப் பக்கம் பழைய அத்தர்க் கடை எதிலாவது சந்தனத்தில் இறக்கின சரக்கு இன்னும் இருந்தா விவரம் எழுதுங்க. வாங்குறதுக்கு முன்னாடி ஒரு ராத்திரி கையில் வெச்சுத் தூங்கிட்டு எழுதுங்க.